பிளக்கைப் பிடுங்கும் நாள்

வீட்டில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். ஏழு வயதில் சுவர்க் கடிகாரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் கட்டிலில் பரப்பியிருந்தபோது அக்கா வைத்த பெயர் அது. நாற்பத்தொரு வயதாகியும் உதிரவில்லை. அக்கா கால்நடை மருத்துவர் ஆனாள். குடைச்சல் பல வேலைகள் பார்த்து, எதிலும் கால் ஊன்றாமல், கடைசியில் அக்காவின் மருத்துவமனையிலேயே முன்மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். தொலைபேசியை எடுப்பது, வருகிறவர்களுக்கு நேரம் கொடுப்பது, நாய்களும் பூனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாதபடி உட்கார வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

அந்த இடம் ஒரு காலத்தில் செருப்புக் கடை. அலமாரிகளில் ஒட்டியிருந்த அளவு எண்களை யாரும் உரித்து எடுக்கவில்லை. ஆறாம் நம்பரில் பூச்சி மருந்து, ஒன்பதாம் நம்பரில் கட்டுத்துணி என்று மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் அண்ணன் அதையே பழக்கமாக்கி வைத்திருந்தார்.

பதினோரு வருடமாக அங்கே வந்த ஒவ்வொரு பிராணியின் கதையும் ஒரு செயலியில் இருந்தது. எந்த நாய்க்கு எப்போது ஊசி போட்டது, எந்தப் பூனைக்கு எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் அதில்தான். செயலி ஓடியது எங்கோ இருந்த ஒரு கம்பெனியின் கணினியில். ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் சேவையை நிறுத்துகிறார்களாம். உங்கள் பதிவுகளைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள், செயலி யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்து, விரும்பினால் நீங்களே நிறுவி நடத்திக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு வரி.

அக்காவுக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போல இருந்தது. வேறு இரண்டு கம்பெனிகளிடம் விசாரித்தார்கள். பிராணியின் பெயரையும் வயதையும் கொண்டுவர முடியும், பதினோரு வருடச் சிகிச்சைக் குறிப்புகளைக் கொண்டுவர முடியாது என்று இருவருமே கையை விரித்துவிட்டார்கள். குடைச்சல் மட்டும் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாமளே ஒரு சர்வர் வெச்சுக்கலாம்."

"எதுக்கு, காபி கொண்டு வர்றதுக்கா?" என்றாள் அக்கா, ஒரு பூனையின் காதைப் பார்த்தபடி.

சிரித்துவிட்டு மறந்துவிடுவாள் என்று அக்கா நினைத்தாள். ஆனால் அடுத்த வாரமே பின்னறையில், துவைத்த துண்டுகள் அடுக்கும் தட்டில், சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பழைய கணினி வந்து உட்கார்ந்துவிட்டது. மருத்துவமனை ஒன்று முதல் நான்கு வரை மூடியிருக்கும். அந்த மூன்று மணி நேரம் குடைச்சலுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

முதல் வாரம் கறுப்புத் திரையும் அதில் மினுக்கும் ஒரு சிறு கட்டமும்தான். படம் இல்லை, பொத்தான் இல்லை. எதைச் சொன்னாலும் எழுத்தில்தான் சொல்ல வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பு வரும். இப்படிச் சொந்தமாகச் சர்வர் நடத்துகிறவர்கள் கூடிப் பேசும் ஓர் இணைய அரங்கைக் கண்டுபிடித்து, தன் கஷ்டத்தை எல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிப் போட்டாள். 'பழைய சாவி' என்ற புனைபெயரில் ஒருவர் பதில் எழுதினார்: "லாக் பார்த்தீர்களா?" இவள் எழுந்துபோய்ப் பின்னறைக் கதவின் பூட்டைப் பார்த்துவிட்டு வந்து, பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதினாள். கணினி தான் செய்வதையெல்லாம் ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போகும், அந்தக் குறிப்புக்குத்தான் அந்தப் பெயர் என்று பழைய சாவி பொறுமையாக விளக்கினார். அதைப் படித்தாள். ஒன்றரைப் பக்கப் புலம்பலுக்கும் விடை அதில் ஒரே வரியில் இருந்தது: இடம் போதவில்லை.

அதன்பிறகு வேகம் பிடித்தது. செயலியையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே பெட்டியில் அடைத்து ஓட்டும் முறை ஒன்று உண்டு, கன்டெய்னர் என்பார்கள். அதைக் கற்றுக்கொண்டு செயலியை எழுப்பினாள். திரையில் மருத்துவமனையின் பெயரோடு முதல் பக்கம் வந்தபோது அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். பரீட்சைக்காக முப்பது பொய்ப் பிராணிகளைப் பதிந்து வைத்தாள். மூன்று காலுள்ள யானை, கண்ணாடி போட்ட முயல் என்று கம்பவுண்டர் அண்ணனும் சேர்ந்து பெயர் சொன்னார். மறுநாள் செயலியின் புதிய பதிப்பு வந்திருந்தது. பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுப் புதிய பெட்டியை வைத்தாள். முப்பது பிராணிகளும் மாயமாகிவிட்டன.

பதிவுகளைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் பெட்டியோடு போகும். அவற்றை வெளியே தனி இடத்தில் வைத்து, பெட்டிக்கு அங்கே போய்வர வழி மட்டும் கொடுக்க வேண்டும். இது தெரிந்தபோது, உண்மையான பிராணிகளை இன்னும் ஏற்றவில்லையே என்று மூச்சு விட்டாள்.

அடுத்த பாடம் வாசல் கதவு. வீட்டிலிருந்தும் வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று இணையத்திலிருந்து உள்ளே வர ஒரு வழி திறந்து வைத்திருந்தாள். ஒரு மத்தியானம் லாகைப் பிரித்துப் பார்த்தால், முன்பின் தெரியாத யார் யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். ஒரே நாளில் நாலாயிரம் தட்டல். ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நல்லவேளை, யாரும் உள்ளே வரவில்லை. அன்றைக்கே கடவுச்சொல்லை ஒழித்துவிட்டு, தன் மடிக்கணினியில் இருக்கும் சாவிக் கோப்பு இருந்தால்தான் திறக்கும் என்று மாற்றினாள். வேண்டாத வழிகளை எல்லாம் அடைத்தாள். அக்காவிடம் இதைச் சொன்னபோது, அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"நாலாயிரம் பேரா?"

"ஆளு இல்லக்கா, எல்லாம் தானா ஓடுற புரோகிராம். உலகத்துல இருக்கிற எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கும்."

அக்காவுக்கு அது ஆறுதலாகப் படவில்லை. அன்று மாலை கடைசி நாயை அனுப்பிவிட்டு, முன்மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். தன் கவலையை நிதானமாகச் சொன்னாள். குடைச்சலின் மூளையில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பதினோரு வருடக் குறிப்பு ஒரு துண்டுத் தட்டில் இருக்கப்போகிறது. அது ஒரு நாள் நின்றுபோனால்? இவள் எதையும் முக்கால்வாசி முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவள் என்பதையும் அக்கா மறைக்காமல் சொன்னாள். அது குடைச்சலுக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது.

"சரி, என்ன செஞ்சா நம்புவே?"

அக்கா பின்னறைக் கதவைக் காட்டினாள்.

"ஒரு நாள் சொல்லாம கொள்ளாம வந்து அதோட பிளக்கைப் பிடுங்குவேன். அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது. எரிஞ்சு போச்சுன்னு வெச்சுக்கோ. ஒரு மணி நேரத்துல எல்லாப் பதிவும் திரும்ப வந்துட்டா, நான் வாயைத் திறக்கமாட்டேன். வரலேன்னா வேற கம்பெனிக்குப் போறோம், வந்த வரைக்கும் வரட்டும்."

"பிடுங்கு," என்றாள் குடைச்சல்.

பரீட்சைப் பதிவுகளின் நகல் மணிக்கொரு தரம் அக்காவின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு பெட்டியை வைத்திருந்தாள். அக்காவின் கணவர், அதாவது மாமா, நீச்சல் குளத்தில் பயிற்சியாளர், மாலையில்தான் வேலை. பெட்டியைப் பார்த்துக்கொள்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, நகலுக்குக் குறைவில்லை. இருந்தாலும் அக்கா பிடுங்குவதற்கு முன் ஒரு தடவை தானே பிடுங்கிப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முனைந்தாள்.

மூன்று வார நகல்களும் வரிசையாக இருந்தன. தேதி இருந்தது, பெயர் இருந்தது. ஒவ்வொன்றும் காலி. நகல் எடுக்கும் கட்டளையில், கோப்புகளை வைத்திருக்கும் அடைவின் பெயர் தப்பாக இருந்ததால், மூன்று வாரமாக அது ஒன்றுமில்லாததை ஒழுங்காகப் பத்திரப்படுத்திக்கொண்டு இருந்திருக்கிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? குடைச்சல் தரையில் உட்கார்ந்து முதலில் கொஞ்சம் அழுதாள். பிறகு, பொய் யானையின் மூன்று கால்கள் ஞாபகம் வந்து சிரித்தாள். பிறகு கட்டளையைத் திருத்தினாள். அன்று மத்தியானத்துக்குள் நான்கு தடவை நகலை இறக்கி, நான்கு தடவையும் செயலியை மடிக்கணினியில் எழுப்பினாள். முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான்காவது தடவை இருபத்தைந்து நிமிடம். செய்ய வேண்டியவற்றை ஒன்று, இரண்டு என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். கம்பவுண்டர் அண்ணனுக்காக இன்னொன்றும் செய்தாள். செயலி நின்றால் எழுதிக்கொள்ள, கட்டம் போட்ட வெள்ளைச் சீட்டு நூறு அச்சடித்துக் கொடுத்தாள். கணினியை என்றைக்குமே நம்பாத அவர், நிற்காத நாளிலும் அதில் எழுதி வைக்கத் தொடங்கினார்.

அதன்பின் உண்மையான பிராணிகள் எல்லாம் புதுச் சர்வருக்குக் குடிவந்தன. தரவிறக்கி முடித்ததும் கம்பெனி தன் பக்கத்துக் கணக்கை மூடிவிட்டது. அக்கா இன்று பிடுங்குவாளா, நாளை பிடுங்குவாளா என்று குடைச்சல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். அக்கா துண்டு எடுக்கப் பின்னறைக்குப் போனால்கூட இவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவாள். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் திரை வெளுத்தது.

முன்னறையில் அப்போது காது சீழ் பிடித்த ஒரு பெரிய நாய், ஒரே கூடையில் இரண்டு பூனைகள், மடியில் ஆமையோடு ஒரு தபால்காரர். அவசரமாகக் கொண்டுவந்த ஒரு மெலிந்த வேட்டைநாய் உள்ளே மேசையில் கிடந்தது. துணிப்பந்து ஒன்றை விழுங்கி, அது குடலில் அடைத்துக்கொண்டிருந்தது. வளர்க்கிறவர் வெளியூரில், தொலைபேசியில் கிடைக்கவில்லை. தூக்கி வந்தவர் அண்டை வீட்டுக்காரர். போன தடவை மயக்க மருந்து ஏதோ இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "இதுக்குப் போன தடவை எந்த மயக்க மருந்து ஒத்துக்கலேன்னு பாரு. சீக்கிரம்."

குடைச்சல் வெளுத்த திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிடுங்குவதற்கு நாள் பார்த்திருக்கிறாள் பார், முகத்தையும் எவ்வளவு கவலையாக வைத்துக்கொண்டிருக்கிறாள்!

"நடிப்பு பிரமாதம்க்கா," என்றாள்.

"என்ன உளர்றே? அரை மணி நேரத்துல நான் வயித்தைத் திறந்தாகணும்," என்று சொல்லிவிட்டு அக்கா கதவைச் சாத்தினாள்.

குடைச்சல் மணியைக் குறித்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். பெட்டியில் விளக்கு எரியவில்லை. பிளக் சுவரில்தான் இருந்தது. வேறு ஏதோ தந்திரம் செய்திருக்கிறாள், இருக்கட்டும், பெட்டியைத் தொடக் கூடாது என்பதுதானே பேச்சு என்று நினைத்து, மடிக்கணினியைத் திறந்து, சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து முதல் அடி, இரண்டாம் அடி என்று போனாள். முன்னறையில் கம்பவுண்டர் அண்ணன் சீட்டை எடுத்து ஆமையின் எடையை எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் அடியில் இடித்தது. அக்கா வீட்டுப் பெட்டி பதில் சொல்லவில்லை. மாமாவுக்குத் தொலைபேசி போட்டாள். ஏழாவது மணியில் எடுத்தார்.

"மாமா, வாஷிங் மெஷின் பக்கத்துல என் பெட்டி ஓடுதா?"

"அந்தச் சின்னதா?" மாமாவின் குரல் இறங்கியது. "காலைல எட்டு மணிக்குச் சட்டை தேய்க்கணும்னு அதைக் கழட்டிட்டு அயர்ன் பாக்ஸைச் சொருகினேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன்மா. இதோ, இதோ மாட்டிட்டேன்."

திட்ட நேரமில்லை. பெட்டி விழித்தது, நகல் வந்தது. எட்டு மணி வரைக்கும்தான் இருந்தது, அதன்பின் மூன்று மணி நேரத்துக்குக் கிடையாது. இருப்பது போதும் என்று அதை இறக்கினாள். செயலியை எழுப்பினாள். முதல் தடவை எழவில்லை. புலம்பாமல் லாகைப் பார்த்தாள். செயலிக்கு வேண்டிய வழியை மடிக்கணினியில் வேறொரு புரோகிராம் அடைத்துக்கொண்டிருந்தது. அதை விடுவித்தாள். மறுபடியும் எழுப்பினாள். மருத்துவமனையின் பெயரோடு முதல் பக்கம் வந்தது. வேட்டைநாயைத் தேடி எடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா சொல்லத் தானே தட்டிய குறிப்பு சிவப்பு எழுத்தில் இருந்தது. கதவருகே போய் மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

"அதைத்தான் கையில எடுத்து வெச்சிருந்தேன்," என்றது உள்ளேயிருந்து அக்காவின் குரல். பிறகு கம்பவுண்டர் அண்ணனை அழைத்து வேறொரு மருந்து கேட்டாள். குடைச்சல் மணியைப் பார்த்தாள். இருபத்தொன்பது நிமிடம்.

அறுவைச் சிகிச்சை முடிய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. துணிப்பந்து என்றது கடைசியில் ஒரு ஜோடிக் காலுறை. வேட்டைநாய் நாக்கை நீட்டிக்கொண்டு மயக்கத்தில் நன்றாக மூச்சு விட்டது. அக்கா கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது, குடைச்சல் மேசையில் சாய்ந்து ராணி மாதிரி நின்றிருந்தாள்.

"இருபத்தொன்பது நிமிஷம். ஒரு மணி நேரம் கேட்டே. எப்படிக்கா நிறுத்தினே, பிளக் அப்படியே இருந்துச்சே?"

"எதை நிறுத்தினேன்?"

"பெட்டியை."

அக்கா ஈரக் கையோடு நின்றாள். தன் பையைத் திறந்து சிறு நாட்குறிப்பை எடுத்து நீட்டினாள். வரும் வெள்ளிக்கிழமைக்கு நேரே 'பிளக்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

இருவரும் பின்னறைக்குப் போனார்கள். பெட்டியின் பின்பக்கம் முகர்ந்து பார்த்தால் கருகல் வாசனை. மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பாகம் எரிந்து, கூடவே பதிவுகள் இருந்த வன்தட்டையும் கொண்டுபோயிருந்தது. பரீட்சை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே செய்ததெல்லாம் பரீட்சையே இல்லை. குடைச்சல் துண்டுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். உண்மை என்று தெரிந்திருந்தால் கை ஓடியிருக்குமா, காலி நகல்களைக் கண்ட ஞாயிற்றுக்கிழமை மாதிரி அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பேனா என்று அவளுக்கே தெரியவில்லை.

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேட்டைநாய்க்குத் தப்பான ஊசியைப் போட எவ்வளவு அருகில் போனாள் என்பது அவளுக்கும் உறைத்திருந்தது.

"முக்கால்வாசியில விட்டுட்டுப் போறவன்னு சொன்னேனே," என்றாள். "வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"அது எதுக்கு இனிமே?"

"இல்லக்கா, பிடுங்கணும். மாமா அயர்ன் பாக்ஸ் சொருகினதை நான் யோசிக்கவே இல்ல. இன்னும் என்னென்ன யோசிக்கலேன்னு தெரியணும்ல."

மாலை வேலைக்குப் போகிற வழியில் மாமா பழக்கூடையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். கம்பவுண்டர் அண்ணன் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை எழுதி வைத்த சீட்டுகளை அடுக்கி நீட்டினார். குடைச்சல் அவற்றைத் தட்டி ஏற்றியதும் விட்டுப்போன மூன்று மணி நேரமும் சேர்ந்துகொண்டது. கணினியை நம்பாத மனிதர் இருந்ததால் பிழைத்தோம் என்று அவள் சொன்னபோது, அவர் அதை வெகு நாள் கழித்துக் கிடைத்த நியாயம் போல வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் புதுப் பெட்டி வந்துவிட்டது. நகல் நின்றால் கைப்பேசியில் மணி அடிக்க ஏற்பாடு செய்தாள். மூன்றாவது நகல் ஒன்று, தன் அறையில். அக்கா வந்து பிளக்கைப் பிடுங்கினாள், இருபத்திரண்டு நிமிடம். அடுத்த மாதமும் பிடுங்கினாள். கம்பவுண்டர் அண்ணனுக்கும் ஒரு முறை பிடுங்கிப் பார்க்க ஆசை இருந்ததால், அதற்கடுத்த மாதம் அவருக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள்.

கம்பெனி சேவையை நிறுத்திய நாள் எப்போது வந்தது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து நாட்காட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அதற்குள் அதே கம்பெனியை நம்பியிருந்த இன்னும் இரண்டு மருத்துவமனைகள் குடைச்சலைத் தேடி வந்தன. தன் பெட்டியிலேயே அவர்களையும் ஏற்றிக்கொள்ள அவள் மறுத்துவிட்டாள். உங்கள் பெட்டி உங்களிடம் இருக்கட்டும், வைக்க நான் சொல்லித் தருகிறேன் என்றாள். முதல் பாடத்துக்கு அவர்கள் வந்தபோது காலி நகல்கள் நிறைந்த அந்த மூன்று வாரப் பட்டியலைத் திறந்து காட்டினாள். அதை அவள் இன்னும் அழிக்கவில்லை.

கோடை வந்ததும் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். வேலையில் சேர்ந்த பிறகு அவள் எடுத்த முதல் நீண்ட விடுப்பு. பேருந்து ஏறும்போது அக்கா திட்டவட்டமாகச் சொல்லி அனுப்பினாள், கைப்பேசியைத் தொடக் கூடாதென்று. முதல் இரண்டு நாள் தொடவில்லை. மணியும் அடிக்கவில்லை. மூன்றாம் நாள், மணலில் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கை சும்மா இருக்க மறுத்தது. ஒன்றும் ஆகியிருக்காது, சும்மா பார்க்கலாமே என்று செயலியைத் திறந்தாள்.

பக்கம் கண் இமைப்பதற்குள் வந்தது. அன்று காலைப் பதிவுகளுக்குக் கீழே, அப்போதுதான் அக்கா தன் கையால் தட்டிய ஒரு புதுப் பதிவு இருந்தது:

"பச்சைக் கிளி. வயது தெரியாது. கூட்டி வந்தவர், எதற்கு வந்தோம் என்று மறந்துவிட்டார். கிளிக்குக் குறை ஒன்றும் இல்லை. என் விரலைக் கடித்தது. மறுபடியும் வரச் சொல்லவில்லை."

குடைச்சல் தனியாக, கடலுக்குக் கேட்கும்படி சிரித்தாள். பிறகு கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள்.